"உனக்குத் தெரியுந்தானே மச்சான்": நண்பனைப் பற்றி ஒரு சின்ன ஆவணப்படம்

கேள்வி இதுதான்: யாழ்ப்பாணத்தில், சுன்னாகத்தில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிற நண்பர் ஒருவரைப் பற்றிப் பத்து நிமிட ஆவணப்படம் எடுக்க ஆசை. கையில் இருப்பது ஒரு போன் மட்டும். ஏற்கெனவே ஒருநாள் அவரைக் கதிரையில் இருத்திப் பேட்டி எடுத்துப் பார்த்தாயிற்று. மேடைப்பேச்சு மாதிரி வந்திருக்கிறது. நல்ல கமரா வாங்கினால் சரிவருமா, இல்லை பிழை வேறெங்காவதா?

கமராவில் பிழை இல்லை. போன் காணும். பிழை அந்தக் கதிரையில் இருக்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல், நீங்கள் அவருடைய நண்பராக இருப்பது. நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கொக்குவில் பக்கம் வெதுப்பகம் வைத்திருக்கிற என் நண்பனைப் பற்றிச் சில வருடங்களுக்கு முன் பன்னிரண்டு நிமிடப் படம் ஒன்று எடுத்தேன். பள்ளிக்கூடக் காலத்துப் பழக்கம், கூச்சப்படமாட்டான், மனம்விட்டுக் கதைப்பான் என்று நம்பிப் போனேன். இரவு வீட்டுக்கு வந்து பதிவைப் போட்டுப் பார்த்தால், நான் கேட்ட கேள்விகளில் பாதிக்கு ஒரே பதில்தான்: "உனக்குத் தெரியுந்தானே மச்சான்."

எனக்குத் தெரியும். படம் பார்க்கிறவருக்குத் தெரியாதே. முன்பின் தெரியாத ஒருவர் கமராவோடு வந்திருந்தால், தகப்பன் எப்போது போறணை கட்டினார், ஏன் இன்னும் விறகில்தான் சுடுகிறோம் என்று அவன் வரிசையாகச் சொல்லியிருப்பான். என்னிடம் அதைச் சொல்ல அவனுக்கு வெட்கம். தெரிந்தவனுக்குத் தெரிந்ததை விளக்குவது அவனுக்கு நாடகம் போடுவது மாதிரி.

மற்றப் பாதிக்கு வந்த பதில்கள் இன்னும் மோசம். "எமது வெதுப்பகமானது தந்தையாரின் காலத்தில் ஆரம்பிக்கப்பட்டு" என்று தொடங்கினான். இத்தனை வருடத்தில் அவன் வாயில் 'எமது' வந்து நான் கேட்டதில்லை. சிவப்புப் புள்ளி ஒளிர்ந்தவுடன் எங்கள் ஆட்களுக்கு வானொலிச் செய்தியின் தமிழ் வந்துவிடும். வீட்டில் ஒரு தமிழ், மேடையில் இன்னொரு தமிழ் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். கதிரை, வெள்ளைச் சுவர், நேரே பார்க்கிற கமரா மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால் அது மேடைதான். உங்கள் நண்பருக்கு நடந்ததும் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆகவே முதலில் கதிரையை எடுத்துவிடுங்கள். அவர் கையில் வேலை இருக்கும்போது மட்டும் கதையுங்கள். எந்த வேலை என்பதும் முக்கியம். சைக்கிள் கடையில் சில்லின் நெளிவு எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சில்லைச் சுழற்றிவிட்டு, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் இடையிலுள்ள இடைவெளியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ரிம் இடப்பக்கம் இழுக்கிறதென்றால் அந்த இடத்து வலப்பக்கக் கம்பியைக் கொஞ்சம் முறுக்க வேண்டும், இடப்பக்கக் கம்பியைக் கொஞ்சம் இளக்க வேண்டும். கால் சுற்று, அதற்குமேல் இல்லை. மறுபடி சுழற்றுவது, மறுபடி பார்ப்பது. கண்ணும் கையும் அதில் மாட்டிக்கொண்ட மனிதருக்குச் செந்தமிழ் பேச நேரமில்லை. அந்த நேரத்தில் நீங்கள் ஏதாவது கேட்டால் வருகிற பதில் அரைகுறையாக இருக்கும், நடுவில் நிற்கும், "கொஞ்சம் பொறு" என்பார், ஒரு நிமிடம் கழித்துத் தானாகத் தொடருவார். அந்த ஒரு நிமிடத்தைக் குறுக்கே பேசிக் கெடுக்காதீர்கள். என் படத்தில் நல்ல இடங்கள் எல்லாம் அப்படியான இடைவெளிக்குப் பிறகு வந்தவைதான்.

"உனக்குத் தெரியுந்தானே" என்பதற்கு வேறு மருந்து இருக்கிறது. ஒன்றும் தெரியாத ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவது. நான் இரண்டாம் நாள் அக்காவின் மகனைக் கொண்டுபோனேன், பதினான்கு வயதுப் பெடியன். அவன் போறணைக்கு முன் நின்று, "மாமா, ஏன் உதுக்குள்ள கையை விட்டுப் பாக்கிறீங்கள்?" என்று கேட்டான். அவ்வளவுதான். என் நண்பன் விறகு எரித்துத் தணலை ஒதுக்குவதில் தொடங்கி, கையை உள்ளே விட்டு எத்தனை எண்ணும்வரை தாக்குப்பிடிக்கிறதோ அதை வைத்துச் சூடு பார்ப்பது, சூடு காணாவிட்டால் பாணின் அடி வெளிறிப்போவது, வெந்த பாணைக் கவிழ்த்து விரல் முட்டியால் தட்டினால் உள்ளே கோறையாகக் கேட்க வேண்டும் என்பதுவரை இருபது நிமிடம் நிற்காமல் சொன்னான். பெடியன் கையில் ஒரு பாணைக் கொடுத்துத் தட்டச் சொன்னான். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. உங்கள் நண்பரின் கடைக்கு வாடிக்கையாளர்கள் வருவார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் காற்றடிக்க வருவார்கள். அவர்களோடு அவர் கதைப்பதையே எடுங்கள், நீங்கள் கேள்வி கேட்பதைக் குறையுங்கள். ஒன்று: அப்படி வருகிறவர்களிடமும் எடுக்கலாமா என்று கேட்டுவிட வேண்டும், பிள்ளைகளென்றால் பெற்றோரிடம்.

சரி, எதைப் பற்றி எடுப்பது. "அவரைப் பற்றி" என்பது பதிலாகாது. பத்து நிமிடத்தில் ஒரு மனிதரின் வாழ்க்கை வரலாறு அடங்காது. ஓரிடம், ஒரு வேலை, அதற்குள் ஒரு கேள்வி, இவ்வளவுதான் அடங்கும். யாழ்ப்பாணத்தில் நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய யாரை எடுத்தாலும் பிறந்த ஊர், பள்ளிக்கூடம், 1995 ஒக்ரோபரில் யுத்தத்தால் வலிகாமப் பகுதியை விட்டு வெளிக்கிட்டது, எங்கெங்கோ இருந்தது, திரும்பி வந்தது, யார் யார் வெளிநாட்டில் என்று ஒரு நீண்ட கதை உண்டு. அதைத் தொட்டால் படம் அதுவாகிவிடும். உங்கள் நண்பர் சைக்கிள்காரராக இருந்து வெறும் சாட்சியாக மாறிவிடுவார். இங்கிருந்து ஒரு படம் என்றாலே பார்க்கிறவர்களும் யுத்தத்தைத்தான் எதிர்பார்க்கிறார்கள், எடுக்கிறவர்களும் அதைக் கொடுத்துப் பழகிவிட்டார்கள். என் அபிப்பிராயம்: அவர் சொன்னால் வைத்துக்கொள்ளுங்கள், நீங்களாகத் தோண்டாதீர்கள்.

அவர் சொல்லவேண்டும் என்று நினைத்தால், உணர்வைக் கேட்காமல் பொருளைக் கேளுங்கள். "அந்தக் காலத்தில் எவ்வளவு கஷ்டப்பட்டீர்கள்?" என்று கேட்டால் மேடைப்பேச்சு திரும்பி வரும். "டைனமோ வைத்து றேடியோ கேட்டவை எண்டு சொல்லுகினம், அதை எப்படிச் செய்தது?" என்று கேட்டுப் பாருங்கள். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை, பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைத் தாங்கியில் நிறுத்தி ஒருவர் மிதிக்க, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, மற்றவர்கள் சுற்றியிருந்து செய்தி கேட்ட காலம். மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின, மிச்சச் சனம் முழுக்கச் சைக்கிளில். உங்கள் நண்பர் அப்போது சின்னப் பெடியனாக இருந்திருந்தாலும் யார் மிதித்தது, யாருக்குக் கால் நொந்தது என்று கைகாட்டிச் சொல்லுவார். ஒரு பழைய டைனமோ கடை மூலையில் கிடந்தால் இன்னும் நல்லது, கையில் கொடுத்துவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள். 2022இல் பெற்றோல் வரிசை நீண்டபோது திரும்பச் சைக்கிளுக்கு வந்தவர்களைப் பற்றியும் அவருக்குச் சொல்ல இருக்கும். மூலையில் தூசி பிடித்திருந்த சைக்கிள்கள் எந்த நிலையில் வந்தன என்று கேளுங்கள்.

நீங்கள் தேட வேண்டியது உங்களுக்கே தெரியாத ஒன்றை. என் கதையைச் சொல்கிறேன். மூன்றாம் நாள் இரவு பன்னிரண்டு மணிக்குப் போய் விடியும்வரை இருந்தேன். மா குழைத்து, பொங்கவிட்டு, வெட்டி, அச்சில் போட்டு, நாலு மணிக்கு முதல் தட்டு வெளியே வருகிறது. பாண் வாசம் ஒழுங்கை முழுக்க. வேலை செய்கிற இரண்டு பெடியளும் சுடச்சுடப் பிய்த்து, சம்பலோடு சாப்பிடுகிறார்கள். எனக்கும் ஒரு துண்டு. அவன் மட்டும் சாப்பிடவில்லை. கையைக் கழுவிவிட்டு, மூலையில் இருந்த சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தான். உள்ளே முதல்நாள் இரவு மனைவி அவித்துக் கொடுத்த புட்டு, ஆறிப்போய். பாண் சாப்பிடுவதில்லையா என்று கேட்டேன். "நான் பாண் தின்னுறேல்ல மச்சான், பத்துப் பன்னிரண்டு வருசமாச்சு" என்றான். இருபது வருடமாக அவன் கடையில் பாண் வாங்குகிறேன். இது எனக்குத் தெரியாது. ஏன் என்று கேட்டதற்கு, "இரவிரவா மணந்துகொண்டு நிண்டா உனக்கும் விளங்கும்" என்றான், அவ்வளவுதான். படம் அங்கேதான் பிடிபட்டது. அதுவரை எடுத்த தகப்பன் கதை, கடை வரலாறு எல்லாம் துணைக்கு நின்றன. எடிட்டிங்கில் அந்தப் புட்டுப் பெட்டியை வைத்துத்தான் மற்றதையெல்லாம் ஒழுங்குபடுத்தினேன்.

அந்த இடத்தைத் திட்டம் போட்டு எடுக்க முடியாது. போதுமான நேரம் இருந்தால்தான் வரும். ஆகவே முதல் இரண்டு முறை கமரா இல்லாமல் போங்கள். அல்லது போனைக் கையில் வைத்துக்கொண்டு எடுக்காமல் இருங்கள். கடை எப்போது திறக்கிறது, எந்த நேரம் சனம் வருகிறது, எப்போது அவர் சும்மா வாசலில் நிற்கிறார், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள்.

தொழில்நுட்பத்தில் அதிகம் சொல்ல இல்லை, ஒரு விசயத்தைத் தவிர. எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ரியூப் லைற்றும் மலிவான எல்ஈடியும் வினாடிக்கு 100 தடவை மினுங்கும். கண்ணுக்குத் தெரியாது, கமராவுக்குத் தெரியும். போன்கள் பெரும்பாலும் வினாடிக்கு 30 பிரேம் என்ற கணக்கில் வருகின்றன. அதில் அப்படியே எடுத்தால் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டிகள் மெதுவாக ஓடும். இரவில் நான் எடுத்த முதல் பதிவு முழுக்க அப்படித்தான் பழுதானது. 25 பிரேம், ஷட்டர் வினாடியில் 50இல் ஒரு பங்கு என்று வைத்தால் பட்டி போய்விடும். போனோடு வருகிற கமராவில் அந்த வசதி இல்லாவிட்டால், பிளக்மேஜிக் கமரா என்று ஒரு இலவசச் செயலி இருக்கிறது, அதில் எல்லாவற்றையும் கையால் வைக்கலாம். போனைப் படுக்கையாகப் பிடியுங்கள், லென்ஸை ஒவ்வொரு தடவையும் துடையுங்கள் (சைக்கிள் கடையில் கிறீஸ் விரல் கட்டாயம் படும்), அழைப்பு வராதபடி 'ஏரோப்பிளேன் மோட்'டில் போடுங்கள், திரையை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டுங்கள். 30 பிரேமில் 4கே எடுத்தால் ஐபோனில் நிமிடத்துக்கு 170 எம்பி அளவில் இடம் போகும், 1080 என்றால் 60. பத்து நிமிடப் படத்துக்கு 1080 தாராளமாகக் காணும். ஒவ்வொரு இரவும் இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வைத்த பிறகுதான் போனில் அழிக்க வேண்டும்.

வெயிலைப் பற்றி உங்களுக்கே தெரியும். பத்து மணிக்குப் பிறகு எங்கள் வெயில் முகத்தில் கண்குழியைக் கறுப்பாக்கிவிடும். கடை வாசலுக்குச் சற்று உள்ளே, வெளிச்சம் ஒரு பக்கமிருந்து விழுகிற இடத்தில் அவர் வேலை செய்தால் லைற்றே தேவையில்லை. காலை ஏழு மணியும் பின்னேரம் ஐந்து மணியும் தெருவுக்கு.

சத்தம்தான் உண்மையான பிரச்சினை. படம் கொஞ்சம் ஆடினால் பார்ப்பார்கள், சத்தம் கேட்காவிட்டால் மூடிவிட்டுப் போவார்கள். போனிலுள்ள மைக் போனுக்குக் கிட்டவுள்ள சத்தத்தைத்தான் நன்றாக எடுக்கும். அவரோ ஆறடி தள்ளி நிற்கிறார். சட்டையில் குத்துகிற சின்ன வயர் மைக் ஒன்றை வாங்கி, நாடிக்கு ஒரு சாண் கீழே குத்துங்கள். அதுவும் இல்லையென்றால் இன்னொரு பழைய போனில் குரல் பதிவைப் போட்டு அவருடைய சட்டைப் பையில் வையுங்கள். தொடங்கும்போது கையை ஒருதரம் தட்டுங்கள், பிறகு எடிட்டிங்கில் அந்தத் தட்டலை வைத்து இரண்டையும் பொருத்தலாம். நான் முழுப் படத்தையும் அப்படித்தான் எடுத்தேன்.

எந்த மாதம் எடுக்கிறீர்கள் என்பதும் சத்தத்தோடு சேர்ந்தது. வைகாசியிலிருந்து ஆவணி வரை சோளகக் காற்று அடிக்கும். பனைமரம் பக்கத்தில் இருந்தால் ஓலைச் சத்தம் மழை மாதிரிக் கேட்கும், மைக்கில் காற்று நேரே மோதினால் ஒரு சொல்லும் விளங்காது. மைக்குக்குப் பஞ்சு உறை போடுங்கள், சுவரைக் காற்றுக்கு மறைப்பாக வைத்து நில்லுங்கள். திருவிழாக் காலம் என்றால் இன்னொன்று, ஒவ்வொரு கோயிலிலும் ஒலிபெருக்கி. நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாள், அந்த நாட்களில் நகரப்பக்கம் அமைதியான பதிவை மறந்துவிடுங்கள். சுன்னாகத்திலும் சந்தைக்குக் கிட்டவென்றால் பஸ் ஹோர்னைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

பின்னால் ஓடுகிற பாட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கடைகளில் றேடியோ எப்போதும் பாடிக்கொண்டிருக்கும். அதோடு சேர்த்து எடுத்தால் இரண்டு தொல்லை. ஒரு வசனத்தை வெட்டி இன்னொன்றோடு ஒட்டினால் பாட்டு நடுவில் குதிக்கும், வெட்டினது அப்பட்டமாகத் தெரியும். பிறகு யூரியூப்பில் போட்டால் சினிமாப் பாட்டைத் தானாகவே பிடித்து உரிமை கோருவார்கள். நான் நண்பனிடம் றேடியோவை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினான், ஆனால் கை ஓடவில்லை. பத்து வருடமாகப் பாட்டோடு மா உருட்டினவன். கடைசியில் கதைக்கும்போது மட்டும் நிறுத்துவது, வேலையை மட்டும் எடுக்கும்போது போட்டுவிடுவது என்று சமாளித்தோம். ஆனால் விடிய அவனுடைய பாண் ஓட்டோ புறப்படும்போது போடுகிற இசையைத் தாராளமாக வைத்தேன். நாடு முழுக்கப் பாண் ஓட்டோக்கள் போடுகிற 'ஃபியூர் எலீஸ்' தான், பீத்தோவன் 1810இல் எழுதினது. அவர் உரிமை கேட்டு வரப்போவதில்லை. படத்தின் ஒரே இசை அதுதான்.

ஒவ்வொரு இடத்திலும் ஒருவரும் பேசாமல் ஒரு நிமிடச் சத்தத்தைத் தனியாகப் பதிந்து வையுங்கள். வெறும் கடையின் சத்தம், மின்விசிறி, தூரத்துக் காகம். எடிட்டிங்கில் ஓட்டை அடைக்க அதைவிட நல்ல சாமான் இல்லை.

எடுக்கும்போது போனை ஓரிடத்தில் வைத்து மனதுக்குள் பத்து எண்ணும்வரை ஆடாதீர்கள். பெருப்பிக்காதீர்கள், இங்கிருந்து அங்கே துழாவாதீர்கள். தூரத்திலிருந்து கடை முழுக்க, பிறகு கை, பிறகு முகம், பிறகு அவர் பார்க்கிற பொருள். ஒரு வேலையை இந்த நாலு கோணத்தில் எடுத்தால் வெட்டி ஒட்டலாம். ஒரே தரத்தில் நாலும் கிடைக்காது, அவர் அடுத்த சைக்கிளுக்கு அதே வேலையைச் செய்யும்வரை காத்திருங்கள். இன்னொருமுறை செய்து காட்டச் சொல்லலாமா என்று பலர் கேட்பார்கள். வேலையைச் செய்து காட்டச் சொல்வதில் குற்றமில்லை. ஆவணப்படத்தின் பிதாமகர் என்று சொல்லப்படுகிற ரொபேர்ட் ஃபிளாஹர்ட்டியே இனுயிற் குடும்பம் ஒன்றைப் பற்றி 1922இல் வெளிவந்த 'நனூக் ஒஃப் த நோர்த்' படத்தில், பனிக்கட்டி வீட்டுக்குள் கமராவுக்கு வெளிச்சம் காணாதென்று ஒரு பக்கம் திறந்த வீடு ஒன்றைக் கட்டுவித்துத்தான் குடும்பம் படுத்தெழும்புவதை எடுத்தார். ஆனால் சிரிப்பையும் கண்ணீரையும் இன்னொருமுறை கேட்கக்கூடாது. நண்பன் என்பதால் அவர் செய்து தருவார், அதுதான் ஆபத்து.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். நண்பர் உங்களுக்கு மாட்டேன் என்று சொல்லமாட்டார். அந்நியன் கேட்டால், "உதெல்லாம் வேண்டாம் தம்பி" என்று முகத்துக்கு நேரே சொல்கிற அதே ஆள், உங்களிடம் "பரவாயில்லை" என்பார். எங்களூரில் அந்தப் "பரவாயில்லை"யும் "பாப்பம்" என்பதும் பல தடவை "வேண்டாம்" என்றுதான் அர்த்தம். என் படத்தின் முதல் வெட்டில், மா வியாபாரி ஒருவருக்குக் கொடுக்கவேண்டிய கடனைப் பற்றி அவன் பகிடியாகச் சொன்ன ஒரு வசனம் இருந்தது. நல்ல வசனம், சிரிப்பு வரும். காட்டினேன். "பரவாயில்லை மச்சான், இருக்கட்டும்" என்றான். நான் வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து அவனுடைய மனைவி எனக்குப் போன் எடுத்து, வேறு ஏதோ கதைத்துவிட்டு, வைக்கப்போகும்போது, "அண்ணை, அந்தக் கடன் கதையை எங்கட மாமா ஆக்கள் கனடாவில இருந்து பாத்தா என்ன நினைப்பினம்?" என்றார். அன்றிரவே வெட்டினேன். அவன் அதைப் பற்றி இன்றுவரை ஒன்றும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

இப்போது நான் "இருக்கட்டுமா?" என்று கேட்பதில்லை. ஆளைத் தனியே இருத்தி, கூட்டம் இல்லாமல், படத்தைக் காட்டிவிட்டு, "இதில ரண்டு இடம் எடுக்கத்தான் போறன், எதை எடுக்க?" என்று கேட்பேன். அப்போது சொல்லுவார்கள். பாரிஸில் ஜோன் ரூஷும் எட்கார் மோறினும் 1961இல் வெளியிட்ட ஒரு படத்தில், தாங்கள் எடுத்த ஆட்களுக்கே படத்தைப் போட்டுக் காட்டி, அவர்கள் அதைப் பற்றிச் சண்டை பிடித்ததையும் படத்துக்குள்ளேயே சேர்த்தார்கள். சிலர் நடிப்பு என்றார்கள், சிலர் இவ்வளவு திறந்து காட்டக்கூடாது என்றார்கள். நீங்கள் சேர்க்கவேண்டும் என்றில்லை, காட்டவாவது வேண்டும்.

காட்டுவதற்கு முன் நீங்களே பார்த்துவிடவேண்டியவை சில இருக்கின்றன. சுவரில் தொங்குகிற படங்களில் யார் இருக்கிறார்கள். காணி வழக்கு, கடன், சாதி, பக்கத்துக் கடைக்காரரோடுள்ள கோபம் ஏதாவது வாய்தவறி வந்ததா. வெளிநாட்டில் அகதி வழக்கு நடக்கிற உறவினரின் பெயர் வந்ததா. யூரியூப்பில் இரவு ஏற்றினால் விடிய ரொறன்ரோவிலிருந்து மாமி கூப்பிடுவார், அது வேறு விசயம். தெருவில் எடுக்கும்போது முகாமும் சோதனைச் சாவடியும் சட்டகத்துக்குள் வராமல் பாருங்கள். ட்ரோன் பறக்கவிடச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையில் பதிவும் அனுமதியும் வேண்டும். உண்மையில் ட்ரோனே வேண்டாம். மேலேயிருந்து கோட்டை, நூலகம், பண்ணைப் பாலம் என்று தொடங்குகிற படங்கள் காணும்காணும் என்றாகிவிட்டன. சைக்கிள் கடை மேலேயிருந்து பார்த்தால் ஒரு தகரக் கூரை.

எடிட்டிங்குக்கு டாவின்சி றிசோல்வின் இலவசப் பதிப்பு ஒரு ஓரளவு நல்ல கணினியில் ஓடும், இல்லாவிட்டால் போனிலேயே கப்கட் காணும். தொடங்கமுதல் எல்லாப் பேச்சையும் கேட்டு, அவர் சொன்னபடியே கொப்பியில் எழுதுங்கள். அலுப்பான வேலை, இரண்டு மூன்று இரவு போகும். ஆனால் எது தேவை என்று கொப்பியைப் பார்க்கும்போதே தெரிந்துவிடும். ஐந்தாறு மணி நேரப் பதிவிலிருந்து பத்து நிமிடம் எடுப்பது சாதாரணம். பேச்சைத் தொடங்கிவிட்டு முகத்திலிருந்து கைக்குப் போங்கள், குரல் தொடரட்டும், சில்லு சுற்றட்டும். உங்களுடைய குரல் எங்காவது வந்தால் வெட்டாதீர்கள். அவர் "மச்சான்" என்று கூப்பிடுவது யாரை என்று பார்க்கிறவருக்குத் தெரியட்டும். பின்னணி வர்ணனை எழுதவேண்டும் என்று கை துடிக்கும். முதல் வெட்டு முடியும்வரை எழுதாதீர்கள், அனேகமாகப் பிறகு தேவைப்படாது. வயலின் இசையும் அப்படித்தான்.

துணைத்தலைப்பு ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ போடலாம், இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். அவருடைய பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாக்கிக் கீழே போடுகிற வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை, தமிழ்நாட்டு நண்பர்களுக்கு விளங்காதென்று பயந்து செய்கிறார்கள். விளங்கும். பெயர்களைத் தமிழில் போடும்போது மட்டும் கவனம்: சில எடிட்டிங் மென்பொருள்களில் கொம்பும் காலும் இடம் மாறிப்போகும், "கொக்குவில்" பார்க்கச் சகிக்காது. ஏற்றுமதி செய்த கோப்பைப் பெரிய திரையில் ஒருதரம் எழுத்துக்கூட்டிப் படியுங்கள்.

முடிந்தபிறகு எங்கே காட்டுவது என்றும் யோசித்திருப்பீர்கள். 2015இல் தொடங்கின யாழ்ப்பாண சர்வதேச திரைப்பட விழா குறும்படங்களுக்கும் இடம் கொடுக்கிறது, விண்ணப்பிக்கலாம். என் படம் முதலில் ஓடினது வெதுப்பகத்துச் சுவரில், கழுவின மாச்சாக்குகளைத் தைத்துத் தொங்கவிட்ட திரையில். புட்டுப் பெட்டி வந்தபோது வேலைப் பெடியள் இரண்டுபேரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் எழும்பிப் போறணைக்கு விறகு வைக்கப் போய்விட்டான்.

சனிக்கிழமை கடைக்குப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். போனைப் பையில் வைத்துக்கொண்டு, உங்கள் சைக்கிளையும் உருட்டிக்கொண்டு போங்கள். முன் சில்லில் நெளிவு இருந்தால் நல்லது.